வீடு பொய் சொல்லாது என்றவர்

ஒரு வீட்டுக்குள் போனால் நீங்களும் நானும் முதலில் ஆளின் முகத்தைப் பார்ப்போம். அந்த மிஸ் கூரையைப் பார்ப்பார். அதற்குப் பிறகு நிலம், சுவர், மூலையில் சாத்தி வைத்திருப்பது, துணி போட்டு மூடி வைத்திருப்பது. ஆள் கடைசியில்தான். ஆளுக்கு முறை வருவதற்குள் சில வேளை அவர் ஸ்கூட்டியில் ஏறிவிடுவார்.

பெயர் சொல்லமாட்டேன். ஊரே அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே சொல்கிறேன். இப்போது மாற்றலாகி வேறு பிரிவுக்குப் போய்விட்டார். போகும்போது பிரியாவிடை வைத்து, மாலை போட்டு, தின்ன ஆளுக்கொரு பற்றிசும் கொடுத்தார்கள். எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். அவசரத் தையல் இருக்கிறது, வர ஏலாது என்று சொல்லிவிட்டேன். தையலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு வீட்டில் சும்மாதான் இருந்தேன். அவர் கழுத்தில் மாலை விழுவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய வேலை, வறுமையை அளப்பது. எங்கள் பண்டத்தரிப்புப் பக்கத்தில் எந்த வீட்டுக்கு மாதாந்த உதவி வேண்டும், எந்த வீட்டுக்கு வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்து, கையில் வைத்திருந்த டப்பின் திரையில் தட்டிப் பதிவார். அந்த உதவித் திட்டம் புதிதாக வந்தபோது சனசமூக நிலையத்தில் ஒரு கூட்டம் வைத்து எங்களுக்கு விளங்கப்படுத்தியதும் அவர்தான்.

"சனத்திட்டை உழைப்பு எவ்வளவெண்டு கேட்டால் பொய்தான் சொல்லும்" என்று எங்கள் முகத்துக்கு நேரேயே சொன்னார். "ஆனா வீடு பொய் சொல்லாது. அதாலை இனி நாங்கள் வருமானத்தை மட்டும் வைச்சுக்கொண்டு இருக்கப்போறேல்லை. நீங்கள் எப்பிடிச் சீவிக்கிறியள் எண்டு பாப்பம். கூரை என்ன, நிலம் என்ன, தண்ணி எங்கையிருந்து வருது, கக்கூஸ் இருக்கோ, பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுதோ, என்ன சாமான் கிடக்கு, எல்லாம் பாப்பம். வறுமை எண்டது காசில்லாதது மட்டுமில்லை."

நான் கைதட்டினேன். உண்மையாகவே தட்டினேன். நான் கலியாணம் கட்டிப் போன வீட்டில் காசு இருந்தது, கிணறு இருக்கவில்லை. அடுத்த வளவுக்குக் குடத்தோடு நடந்து, அந்த வீட்டுக்காரி எழும்பும்வரை வேலிப் படலையில் காத்துநின்று தண்ணீர் கொண்டு வந்தவள் நான். வறுமை என்றால் காசு மட்டுமில்லை என்பது என் இடுப்புக்கு நன்றாகத் தெரியும். அரசாங்கத்துக்கும் கடைசியில் விளங்கியிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அந்தக் கைதட்டலை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

மிஸ்ஸுடைய வாயில் எப்போதும் இரண்டு வசனம் இருக்கும். ஒன்று, வீடு பொய் சொல்லாது. மற்றது, "நான் கண்டதைத்தான் எழுதுவன்." யாராவது தங்கள் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கினால் கையை உயர்த்தி நிறுத்திவிட்டு இந்த இரண்டாவதைச் சொல்வார். கோபமாகச் சொல்லமாட்டார். மெதுவாக, நல்ல வடிவாகச் சிரித்துக்கொண்டு சொல்வார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

வேலை நேரம் முடிந்தாலும் அந்தக் கண் ஓயாது. எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி ஒரு செத்தவீடு. கிழவர் நடு அறையில் வெள்ளை வேட்டியோடு கிடக்கிறார். மக்கள் இரண்டு பேரும் தலைமாட்டில் இருந்து கத்திக் குழறுகிறார்கள். மிஸ் வந்து, கும்பிட்டுவிட்டு, என் பக்கத்தில் குந்தினார். கொஞ்ச நேரத்தில் என் முழங்கையைத் தட்டினார். ஏதோ ஆறுதல் சொல்லப்போகிறார் என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன்.

"சாந்தி அக்கா, உந்தப் பிரிட்ஜ் வேலை செய்யுதோ? இல்லாட்டி அலுமாரி மாதிரி வைச்சிருக்கினமோ?"

"அழுகிற ஆக்களைக் கேளுங்கோவன் மிஸ்."

"பேந்து கேக்கிறன்" என்றார். நான் நக்கலுக்குச் சொன்னேன் என்றுகூட அவருக்கு விளங்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, கை சுத்தம். அதை நான் மறைக்கமாட்டேன். யாராவது முற்றத்து மாம்பழம் இரண்டு கொடுத்தால்கூட வாங்கமாட்டார். மாரி மழையில் ஒழுங்கை முழுக்கச் சேறாகக் கிடந்தபோது டப்பை ஷொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்து வந்தவர். தன் சொந்தப் பெரியம்மாவின் வீட்டையே, ரைல்ஸ் பதித்த நிலம் இருக்கிறதென்று, உதவி வேண்டாத வீடாகப் பதிந்தவர். அந்தக் கிழவி இன்றைக்கும் இவரோடு கதைப்பதில்லை. கள்ள ஆள் என்றால் பேசிவிடலாம், காலில் விழுந்தும் பார்க்கலாம், ஏதாவது கொடுத்தும் பார்க்கலாம். இந்த மாதிரி நேர்மையான ஆளோடு மனிதர் என்னதான் செய்வது?

இனி எங்கள் பழக்கத்தைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து வீடு பொய் சொல்லும். அதிலும் ஆள் வருகிற நாளில் கூசாமல் சொல்லும். பெண் பார்க்க வருகிறார்களா, வெளிநாட்டில் இருந்து ஆட்கள் வருகிறார்களா, அரசாங்க உத்தியோகத்தர் வருகிறாரா, காலையிலேயே வேலிக்கு மேலால் சாமான் நகரத் தொடங்கிவிடும். ஒரு வீட்டில் இருந்து கதிரை போகும், ஒரு வீட்டில் இருந்து பூப்போட்ட கோப்பை போகும், ஒரு வீட்டில் இருந்து மேசைத் துணி போகும். வந்த ஆள் இருந்து தேத்தண்ணி குடித்துப் போனபிறகு எல்லாம் அதே வேலிக்கு மேலால் திரும்பி வரும். இரவல் என்று கொடுத்தவரும் சொல்லமாட்டார், வாங்கியவரும் சொல்லமாட்டார். பிச்சை எடுத்தாலும் வந்த ஆளை நிற்கவைத்து அனுப்பக்கூடாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம்.

என்னிடம் தைக்கக் கொடுக்க வருகிறவர்களுக்கென்று நீலப் பிளாஸ்ரிக் கதிரைகள் இருந்தன, ஒரு ஸ்ராண்ட் ஃபானும் இருந்தது. அதனால் ஒழுங்கையின் இரவல் பெரும்பாலும் என் வீட்டில் இருந்துதான் போகும்.

அடுத்த வளவு பவளம் அக்காவினுடையது. அவவின் கணவர் மேசன். ஊரில் பாதி மாடிவீடு அவர் கை பட்டது. வேலை செய்த இடத்தில் சாரம் முறிந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலில் கிடக்கிறார். விழுவதற்கு முந்தியே தன் வீட்டையும் ஒழுங்காகக் கட்டி வைத்திருந்தார். கல்வீடு, சீமெந்து நிலம், ஓட்டுக்கூரை. உள்ளே போனால் ஒரு கட்டில், ஒரு பாய், குசினியில் நாலு சட்டி. இருந்த மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அலைந்த காலத்தில் ஒன்றொன்றாகப் போய்விட்டது. பவளம் அக்கா வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவா. அவ போகிற நாளில் கணவரைப் புரட்டிவிட, துடைத்துவிட ஒரு ஆள் வேண்டும். அதற்காக மகள் தர்சினி கிழமையில் பாதி நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நின்றாள். நல்ல கெட்டிக்காரி. ஓ.எல். சோதனை எழுதி, உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

அந்த மாதாந்த உதவி கிடைத்தால் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைப் பிடிக்கலாம், தர்சினி படிக்கலாம். கிடைக்காவிட்டால் அவள் படிப்பை விடவேண்டும். விஷயம் இவ்வளவுதான். இதை அந்த ஒழுங்கையில் ஓடித் திரிகிற நாய்க்குக்கூடத் தெரியும்.

மிஸ் அளக்க வருகிறார் என்று அறிவித்தல் வந்த அன்று பவளம் அக்கா வேலியடிக்கு வந்தா.

"சாந்தி, ரண்டு கதிரை தாவன். அந்த ஃபானும் வேணும். அறைக்கை இந்த மனுசன்ரை மருந்து மணம். வாற மனுசிக்கு ஒரு மாதிரி இருக்கும்."

கொடுத்தேன். கேட்காமலே சோசரோடு ஒரு கோப்பையும் கொடுத்தேன். கொடுக்கும்போது என் மண்டையில் ஒன்றும் தட்டவில்லை. அவவின் மண்டையிலும் தட்டவில்லை. வறுமையைப் பார்க்க வருகிற ஆளுக்கு முன்னால் வீட்டைச் சோடித்து வைக்கிற விசர்ச் சனம் உலகத்தில் வேறெங்கும் இருக்குமா, எனக்குத் தெரியாது.

மிஸ் வந்தார். கூரையைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். நீலக் கதிரையில் இருந்தார். ஃபானை பவளம் அக்கா அவர் பக்கம் திருப்பிவிட்டா. கட்டிலில் கிடந்த மனுசனுக்கு அந்தக் காற்றில் ஒரு துளியும் போகவில்லை. பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி குடித்தார், நல்ல சாயம் என்று புகழ்ந்தார், டப்பில் தட்டினார். கதிரை ஆருடையது, ஃபான் ஆருடையது என்று ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கவில்லை. கேட்டால்தான் சனம் பொய் சொல்லுமே! சரி, நியாயத்தையும் சொல்கிறேன். கேட்டிருந்தாலும் இரவல் என்று பவளம் அக்கா சொல்லியிருக்கமாட்டா. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாவா, அதைச் சொல்லமாட்டா.

அதே ஒழுங்கையின் முடக்கில் ஒரு தேங்காய் முதலாளி இருக்கிறார். கொடிகாமத்தில் இருந்து லொறியில் தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்து கடைகளுக்குப் போடுகிறவர். அவருக்கு மட்டும் புத்தி சரியாக வேலை செய்தது. மிஸ் வருவதற்கு முதல்நாளே மோட்டார் சைக்கிள், பிரிட்ஜ், ரீவி எல்லாம் தேங்காய் லொறியிலேயே ஏறி கொடிகாமத்து மச்சான் வீட்டுக்குப் போய்விட்டன. கூரையும் சுவரும் மறைய வீட்டைச் சுற்றி இறக்கியிருந்த ஓலைக் கிடுகுக்குப் பக்கத்தில், இடுப்பில் கிழிந்த சாரத்தோடு நின்றுகொண்டு, "இருக்கச் சொல்லக் கதிரையும் இல்லை மிஸ்" என்றாராம். மிஸ் நின்றபடியே கண்டார், கண்டதை எழுதினார்.

உதவி கிடைத்தவர்களின் பெயர்களை ஒட்டியபோது முதலாளியின் பெயர் இருந்தது. பவளம் அக்காவின் பெயர் இல்லை.

"என்ரை ஐயோ, ஏனடி?" என்று அவ என்னைத்தான் கேட்டா. நான் விசாரித்துக்கொண்டு வந்தேன். நல்ல வீடு, கதிரைகள் உண்டு, மின்விசிறி உண்டு, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. அவ்வளவும் பதிவாகியிருந்தது. எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. என் கதிரை, என் ஃபான்! பவளம் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு முறைப்பாடு எழுதிக் கொடுக்கவைத்தேன். திரும்ப ஒருமுறை வந்து பார்ப்பார்கள் என்றார்கள். பார்க்க யார் வருவார் என்று கேட்டேன். அதே மிஸ்தான்.

இந்த முறை நான் பவளம் அக்காவைப் பிடித்து இருத்திப் பாடம் நடத்தினேன்.

"கதிரை கேட்டு இஞ்சாலை வரப்படாது. தேத்தண்ணியும் இல்லை. ஒண்டும் குடுக்கப்படாது. வந்தவ நிக்கட்டும். கால் நோகட்டும். விளங்கிச்சோ?"

"ஓம்" என்றா.

"வெய்யிலுக்கை நிண்டாலும் விடவேணும்."

"ஓமெண்டுறன், விடன்."

சித்திரை வெயில். தார் உருகுகிற நேரம். நான் வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்துக்கொண்டு நின்றேன். மிஸ் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனார். எல்லாம் சுற்றிப் பார்த்தார். ஒன்றுமில்லாத அறை, ஒன்றுமில்லாத குசினி. கட்டிலில் கிடந்தவரையும் இந்த முறை கண்டார் என்று நினைக்கிறேன், அந்தப் பக்கம் தலை திரும்பியது. பிறகு உள்ளே மணம் தாங்காமலோ என்னவோ முற்றத்துக்கு வந்து, வெயிலில் நின்றபடி டப்பில் தட்டத் தொடங்கினார். நெற்றியால் வியர்வை வழிகிறது. லேஞ்சியால் கழுத்தைத் துடைக்கிறார். ஒரு காலை மாற்றி மறுகாலில் நிற்கிறார். நில்லடி ஆத்தை, நல்லாய் நில் என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

பவளம் அக்கா வாசலில் நின்று சேலைத் தலைப்பை முறுக்கினா. அவிழ்த்தா. திரும்ப முறுக்கினா. எனக்கு விளங்கிவிட்டது. வேண்டாம் அக்கா, வேண்டாம், எப்பன் பொறு, முடியப்போகுது என்று நான் இங்கே முணுமுணுக்கிறேன்.

"சாந்தி!" என்று அவ குரல் கேட்டது. "மிஸ் வெய்யிலுக்கை நிக்கிறா. ஒரு கதிரை தாடி!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவவைப் பிடித்து உலுப்பவேண்டும் போல இருந்தது. ஆனால் அந்தக் கோபத்திலேயே ஒரு யோசனையும் வந்தது. வேலிக்கு மேலால் கொடுக்கவில்லை. கதிரையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, என் படலையால் வெளியே வந்து, ஒழுங்கையால் நடந்து, அவவின் படலையால் உள்ளே போனேன். மிஸ்ஸின் கண்ணுக்கு முன்னால் டக்கென்று வைத்தேன்.

"வடிவாப் பாருங்கோ மிஸ். இது என்ரை கதிரை. போனமுறை நீங்கள் இருந்ததும் என்ரை கதிரைதான். ஃபானும் என்ரை. நீங்கள் தேத்தண்ணி குடிச்ச கோப்பையும் என்ரை. இந்த வீட்டிலை ஒரு மண்ணும் இல்லை. கண்டனீங்கள்தானே?"

"ஓம் அக்கா, கண்டன்" என்றார். அதே சிரிப்பு. கதிரையில் இருந்தார், டப்பில் தட்டினார்.

பவளம் அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றா. வந்த ஆளுக்கு முன்னால் அவவின் இல்லாமையை நான் அப்படிச் சத்தம்போட்டுச் சொன்னது அவவுக்குச் சுட்டிருக்கும். சுடட்டும், பிள்ளை படித்தால் போதும் என்று நான் வீட்டுக்கு வந்தேன். வென்றுவிட்டேன் என்ற சந்தோஷப் புளுகத்தில் அன்று பின்னேரம் வாய்ப்பன் சுட்டு தர்சினிக்குக் கொடுத்தேன்.

முறைப்பாட்டுக்குப் பதில் வந்தது. உதவி இல்லையாம்.

நான் சந்தைக்குப் போய்விட்டு வருகிறேன், மிஸ் சந்தியில் மருந்துக்கடை வாசலில் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். மரக்கறிப் பையை நிலத்தில் போட்டுவிட்டு ஸ்கூட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"என்ன மிஸ் இது? கதிரை என்ரையெண்டு உங்கடை கண்ணுக்கு முன்னாலை காட்டினனான்தானே?"

"ஓம் அக்கா. கதிரை இல்லை, ஃபான் இல்லை எண்டு மாத்திப்போட்டன். நான் பொய் எழுதமாட்டன்."

"அப்ப ஏன் குடுக்கேல்லை?"

"ஒண்டை மட்டும் வைச்சுக் குடுக்கிறேல்லை அக்கா. வீடு நல்ல வீடு. பிள்ளை பள்ளிக்கூடம் போகுது. அதோடை, அவசரத்துக்கு உதவ அயலிலை ஆக்கள் இருக்கினமோ எண்டும் ஒரு கேள்வி கிடக்கு. அவ கூப்பிட்ட உடனை நீங்கள் கதிரையோடை ஓடி வந்தனீங்கள். கண்டதை நான் எப்பிடி எழுதாமல் விடுறது?"

எனக்கு வாய் நீளம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாமியாரில் இருந்து மீன்காரர் வரைக்கும் ஒருவருக்கும் நான் பதில் சொல்லாமல் விட்டதில்லை. அன்று சந்தியில், மருந்துக்கடை வாசலில், குனிந்து மரக்கறிப் பையைத்தான் எடுத்தேன். அவர் ஹோர்ன் அடித்தார். நான் விலகி வழிவிட்டேன். வழிவிட்டதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு ஆத்திரம்.

கண்டறியாத அளவு! ஒரு வீட்டின் ஓட்டுக்கூரையைக் காணுகிற கண்ணுக்கு, அந்தக் கூரையைப் போட்டவர் கட்டிலில் கிடப்பது கணக்கில் வராதா? பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது என்று எழுதினவருக்கு, பாதி நாள் போகாமல் நிற்கிறாளே, ஏன் என்று கேட்க வாய் இல்லையா? வறுமை என்றால் காசு மட்டுமில்லை என்பது எவ்வளவு நல்ல பேச்சு. அந்த நல்ல பேச்சை ஒரு ஆளிடம் கொடுத்தார்கள். அவர் அதைக் கொண்டுபோய் கூரை ஓடும் கதிரையும் எண்ணுகிற வேலையாக ஆக்கிவிட்டார். கடைசியில் என்னையும் எண்ணினார். கட்டில் ஒன்று, பாய் ஒன்று, சாந்தி ஒன்று.

பவளம் அக்காவிடம் போய் இதைச் சொன்னேன். திட்டுவா, அழுவா என்று எதிர்பார்த்தேன். கணவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தவ, கரண்டியை நிறுத்தாமல் சொன்னா.

"அவ அதைப் பிழையா எழுதேல்லை, சாந்தி. நீ இருக்கிறாய்தானே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை. "நான் இருந்து என்ன செய்யிறது? நான் கதிரை தருவன். பெட்டைக்குப் படிப்புத் தர என்னாலை ஏலுமோ?" என்று கத்தினேன். அவ கஞ்சியை ஊதி ஆற்றிக்கொண்டிருந்தா.

நான் முயலவில்லை என்றில்லை. தைக்க ஆட்கள் வராத நாளில் போய் பவளம் அக்காவின் கணவரைப் பார்த்துக்கொண்டேன். ஆனால் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிற காலம் வந்தால் என் அடுப்பும் எரியவேண்டும். ஒரு காலை தர்சினி பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை போடாமல், ஒரு பழைய சேலையைக் கொண்டுவந்து என் மெஷினுக்கு மேலே வைத்தாள். நல்லூர்ப் பக்கம் ஒரு புடவைக்கடையில் வேலை கிடைத்திருக்கிறதாம், சேலை கட்டித்தான் நிற்கவேண்டுமாம், ஒரு பிளவுஸ் தைத்துத் தரவேண்டுமாம். அந்தச் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு ஆளைப் பிடிக்கலாம் என்றாள். அளவு நாடாவை எடுத்து அவளுடைய தோளை அளந்தேன்.

மிஸ் அதற்குப் பிறகும் எங்கள் ஒழுங்கைக்கு வந்துபோனார். என்னைக் கண்டால் "என்ன சாந்தி அக்கா, சுகமோ?" என்பார். அவர் மனதில் எனக்கு எதிராக ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கொதி. நான் தலையைத் திருப்பிக்கொண்டு போவேன். அதை அவர் கண்டாரோ என்னவோ.

பிரியாவிடைக்குப் போகவில்லை என்றேன் அல்லவா, ஆனாலும் அவர் என்னை விட்டபாடில்லை. நல்லூர்த் திருவிழா நேரம் லைனிங் துணி வாங்கத் தர்சினியின் கடைக்குப் போயிருந்தேன். அவள் எனக்குத் துணி கிழித்துக்கொண்டு நிற்கிறாள், கதவைத் தள்ளிக்கொண்டு மிஸ் வருகிறார். மாற்றலான இடத்தில் நல்லாய் இருக்கிறார் போல, கொஞ்சம் பூசினாற்போல இருந்தார்.

தர்சினி அவரைக் கண்டாள். நானென்றால் கையில் இருந்த கத்தரிக்கோலை எறிந்திருப்பேன். அந்தப் பெட்டை ஓடிப்போய் மூலையில் இருந்த கதிரையை இழுத்துக்கொண்டு வந்து, கையால் ஒருமுறை துடைத்து, அவருக்குப் பின்னால் வைத்தாள்.

"வாங்கோ மிஸ். இருந்து பாருங்கோ."

தாயின் பிள்ளை. மிஸ் இருந்தார். இருந்த கையோடு தலையை உயர்த்தி, கடையின் மேற்கூரையைப் பார்த்தார்.

"நல்ல கடை. ஏ.சி.யும் போட்டிருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, இரகசியம் சொல்வது போல, "பாத்தியளோ அக்கா, அந்த வீடு சமாளிச்சிட்டுது. இப்ப ஒரு ஆள் உழைக்குது. நான் எழுதினது பிழைக்கேல்லை" என்றார்.

தர்சினி சேலைகளை ஒவ்வொன்றாக உதறி விரித்துக் காட்டினாள். காலையில் இருந்து நிற்கிற கால். ஒரு பாதத்தை மெல்லச் செருப்பில் இருந்து எடுத்து மற்றக் காலில் தேய்த்தாள். கண்ணாடிக்கு வெளியே ரியூஷன் முடிந்த பெட்டைகள் வெள்ளைச் சட்டையும் கழுத்தில் ரையுமாகச் சைக்கிளில் சிரித்துக்கொண்டு போனார்கள். அவள் கை சேலையில் இருந்தது, கண் அவர்களோடு கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வந்தது.

என்னால் தாங்கமுடியவில்லை. சுற்றிப் பார்த்தேன், அந்தக் கடையில் வேறு கதிரையே இல்லை.

"தர்சினி, நீ எப்பன் இரன் பிள்ளை. நிலத்திலையாவது இரு" என்றேன்.

"இருக்கேலாது அன்ரி" என்றாள். முதலாளி இருந்த பக்கத்தைக் கண்ணால் காட்டினாள். "வேலை செய்யிற ஆக்கள் இருக்கப்படாது. கதிரை வாற ஆக்களுக்குத்தான்."

மிஸ் அதைக் கேட்கவில்லை. அவர் மேலே ஏ.சி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார்.